புதன்கிழமைக்கு நீ எழுதியது

சக்குபள்ளம்,
சனிக்கிழமை, சித்திரை 19.

அன்பு மகள் மோனிஷாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சதீஷும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கழுத்தை மூடிக்கொண்டு, நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று காளியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பளவில் என்று எழுதியதைப் பார்த்ததும் உனக்கு நெற்றி சுருங்கும். மனசளவில் எப்படி இருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், நீயும் நான் ஆரம்பிப்பதற்குள் "சரிப்பா, விடுங்கப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எஸ்டேட் ஸ்டோரிலிருந்து நாலைந்து தாள் வாங்கி வந்து, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் இன்றைக்கே படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவேன், தாளும் தபாலில் வரும். போனில் இருப்பதை யாரும் அழித்துவிடலாம், என் கையெழுத்தில் ஒன்று உன்னிடம் இருக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அதைத் தேடித் தாளைப் புரட்டுவாய். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ வாங்கச் சொன்ன தைலம்தான் குணப்படுத்தியது என்று அவள் சொல்கிறாள், ஒரு வாரம் மேட்டு ஏலக்காய்க் காட்டுக்கு ஏறாமல் இருந்ததுதான் குணப்படுத்தியது என்று நான் சொல்கிறேன், வழக்கு இன்னும் முடியவில்லை. சதீஷுக்குக் குமுளியில் லீவு சீசன், ஜீப்பை எடுத்துக்கொண்டு காலையில் போனால் பொழுது சாயத்தான் முகம் காட்டுகிறான். புதன்கிழமை எலப்புள்ளியிலிருந்து மாரீஸ்வரி அத்தை போன் செய்தாள். அங்கே நாற்பது டிகிரியைத் தாண்டிக் காய்கிறதாம், பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை வெட்டவெளியில் யாரும் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்களாம், கிணற்றில் வாளி விட்டால் தரை தட்டுகிறதாம். பாலக்காட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன நாளிலிருந்து என் கூடப்பிறந்தவள் என்னையே மரியாதை போட்டுக் கூப்பிடுவது உனக்குத் தெரியும்தானே. "ஏனுங்கண்ணா, புள்ளை வாராவாரம் மழை வெயில் பத்தி ரெண்டு வரி அனுப்பிக்கிட்டு இருந்துச்சு, போன வாரம் ஒண்ணையுங் காணமுங்களே, ஒடம்புக்கு ஏதாச்சும் சரியில்லீங்களா" என்று கேட்டாள். டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தப் பத்து நாளில் நான் சொன்ன பொய்களில் அது ஆகச் சின்னது.

நீ கேட்காமலே மழையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோர் வாசலில் நீ நட்டுவைத்துவிட்டுப் போன மழைமானியைத் தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் வருகிறேன், உனக்கு அனுப்பத்தான் கை ஓடவில்லை. ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி புதன்கிழமை விழுந்தது அளக்கிற அளவுக்கு இல்லை, அடிப்பாகம் நனைந்திருந்தது, அவ்வளவுதான். வியாழன் சாயந்திரம் பிடித்த மழை வெள்ளி காலையில் பார்க்கும்போது இருபத்தாறு மில்லிமீட்டர். அடுத்த நாள் பதினொன்று. ஞாயிறு ஒன்றுமில்லை. இந்த வாரம் செவ்வாயில் எட்டு, வியாழனில் பத்தொன்பது. வாடிக் கிடந்த ஏலக்காய்த் தட்டைகள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன, தூரில் பூச்சரம் நீண்டு வருகிறது, காய்க்குப் பஞ்சம் இருக்காது என்று மேனேஜர் ஜோபி சாரே சொல்கிறார். நீ அந்த வாரத்துக்கு எழுதியிருந்ததை எடுத்து என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள்கூடப் பிசகவில்லை அம்மா.

இனி நான் எழுதப்போவது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், பாதி தெரியாததும் இருக்கிறது. முதலிலிருந்து வரிசையாக எழுதினால்தான் என்னால் ஒன்றையும் ஒளிக்காமல் எழுத முடியும், பொறுமையாகப் படி. நிழல் கழிக்கிற வேலை இந்த வருஷம் பிந்திப்போனது. மழைக்காலத்துக்கு முன்னால் மரத்தில் ஏறி மேல்கொப்புகளை வெட்டி இறக்காவிட்டால் ஏலத்துக்கு வெளிச்சம் பற்றாது, தூர் அழுகும். அதற்காக மழை பெய்து மரம் நனைந்த பிறகு ஏறவும் முடியாது, பட்டையில் பாசி உயிர்பிடித்து, காலை வைத்தால் வழுக்கும். அதனால் நம் ஆட்களுக்கு மழை வரப்போகிறது என்று கேட்டால் வேலையை நிறுத்தத் தோன்றாது, முடுக்கத்தான் தோன்றும். உறவு இல்லாவிட்டாலும் நீ மாமா என்று கூப்பிடுகிற நம் குடியிருப்பு மாரீஸ்வரனோடு சேர்த்து இந்த வருஷம் ஏறுகிறவர்கள் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்து போகிறவர்கள், வியாழக்கிழமையிலிருந்து ஆனைக்கரையில் வேறொரு எஸ்டேட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். புதன்கிழமைக்குள் முடிக்காவிட்டால் திரும்பி வர மூன்று வாரம் ஆகும், அதற்குள் மரமெல்லாம் வழுக்கும். இதெல்லாம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் சனிக்கிழமை உன் குறிப்பு வந்தது.

திங்கள்கிழமை பெரட்டில் ஆள் எண்ணி வேலை பிரிப்பதற்கு முன்னால் உன் குறிப்பை வாசிப்பது, நீ ஜெர்மனியில் வானிலை வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒன்றரை வருஷமாக நடக்கிற வழக்கம். டிவிக்காரன் இடுக்கி ஜில்லா முழுசுக்கும் மஞ்சள் எச்சரிக்கை என்று ஒரு வரியில் முடித்துவிடுவான், அது மூணாறுக்கா நமக்கா என்று யாருக்கும் விளங்காது. நீ சக்குபள்ளம், ஆனைக்கரை என்று பேர் சொல்லி, இந்தக் கிழமை, இத்தனை மணி என்று தமிழில் எழுதுவாய். "ஜெர்மனிக்காரி என்ன சொல்லுது" என்று பெண்கள் கேட்பார்கள், நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமுவேன். அந்த ஐந்து நிமிஷம் நான் கங்காணி பெரியமுத்து இல்லை, மோனிஷாவோட அப்பா. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை, இப்போது சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தத் திங்கள்கிழமைக்கு நீ எழுதியிருந்தது என் போனில் அப்படியே இருக்கிறது. பார்த்து எழுதுகிறேன். "திங்கள், செவ்வாய் வெயில். புதன் பெரிதாக மழை இருக்காது. ஆனால் புதன் மதியம் ஒரு மணிக்கு மேல் இடிமின்னல் உண்டு, மழை இல்லாமலே மின்னல் இறங்கும். ஒரு மணிக்கு மேல் மரத்தில் ஆள் வேண்டாம் அப்பா. வியாழன் சாயந்திரத்திலிருந்து நல்ல மழை." நான் வாசித்தது இது. திங்கள், செவ்வாய் வெயில். புதன் பெரிதாக மழை இருக்காது. வியாழன் சாயந்திரத்திலிருந்து நல்ல மழை. நடுவில் இருந்ததை விட்டுவிட்டேன். கண் தவறவில்லை, அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டேதான் தாண்டினேன். கம்பத்துக்காரர்கள் அதைக் கேட்டால் புதன்கிழமை ஜீப் ஏற மாட்டார்கள், பதினாலு மரம் நின்றுபோகும் என்று நினைத்தேன். மற்றவர்களுக்குச் சொல்லி எதற்குப் பீதியைக் கிளப்ப வேண்டும், நமக்குத் தெரிந்தால் போதும், நாமே நேரத்துக்கு இறக்கிவிடலாம் என்றும் நினைத்தேன். உன் பேச்சில் எவ்வளவு பேருக்குப் போக வேண்டும், எவ்வளவு என்னோடு நிற்க வேண்டும் என்று நானே தீர்மானித்தேன் மோனிஷா. அதுதான் நான் செய்த முதல் காரியம்.

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு இரண்டு மரம் பாக்கி. வானத்தில் தலைக்கு நேரே மேகம் இல்லை, மலை மெட்டுப் பக்கம் மட்டும் கருத்திருந்தது. கம்பத்து ஆட்கள் நாலு பேரும் இறங்கிக் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மாரீஸ்வரன் மட்டும் ஓடைக்கு மேலே நிற்கிற அந்தப் பெரிய சந்தன வேம்பில் இருந்தார். ஒன்றேகால் மணி இருக்கும், தூரத்தில் ஒரு உறுமல் கேட்டது. அவர் மேலே இருந்து, "மச்சான், இடி கேக்குதே, எறங்கட்டுமா?" என்றார். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "இன்னும் ரெண்டு கொப்புதானய்யா, முடிச்சிட்டு எறங்கு, இன்னைக்கு மழ இல்லன்னு பிள்ள எழுதியிருக்கா" என்று சொன்னேன். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள், எல்லோர் காதிலும் அது விழுந்தது. அவர் சரி என்று சொல்லி மறுபடியும் அரிவாளை எடுத்தார். பிள்ளை எழுதியிருக்கிறாள் என்றால் அவருக்கு அதற்குமேல் கேள்வி இல்லை. அவர் முதல் கொப்பை வெட்டி முடிக்கவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன, எனக்குக் காது அடைத்துவிட்டது, கண் திறந்தபோது மரத்தில் பாதிப் பட்டை உரிந்து வெள்ளையாக இருந்தது. அவர் ஏலத் தூருக்குள் கிடந்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம், ஜீப்பில் போட்டோம், ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். போகும்போதே உயிர் இல்லை என்று எனக்குத் தெரியும், அவர் தலை என் மடியில்தான் இருந்தது.

அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் ஒரு தப்புச் செய்தவனாக மட்டும் இருந்திருப்பேன். சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அவரவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். மழை இல்லை என்று மோனிஷா எழுதியதை நம்பித்தான் மேலே இருந்தார் என்று ஒருத்தர் சொல்ல, அது லயத்து வீடுகள் முழுக்கப் பரவியது. நம் வரிசைக் கடைசி வீட்டுக் கத்தரீனாள், உன்னைத் தூக்கி வளர்த்தவள், "படிச்ச படிப்பு ஒரு ஆள முழுங்கிருச்சே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் பெரட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன். வில்லேஜ் ஆபீசர் வந்து என் வாக்குமூலத்தை, இங்கத்து வார்த்தையில் மொழியை, எழுதி வாங்கினார். முன்னெச்சரிக்கை ஏதும் இருந்ததா என்று கேட்டார். "பெரிசா மழை இருக்காதுன்னுதான் சார் எங்களுக்குத் தகவல்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை நீ அம்மாவோடு பேசினாய். ஊரில் இப்படிப் பேசுகிறார்களே, நீ எழுதினது தப்பாப்போச்சா என்று அவள் கேட்டதற்கு நீ, "ஆமாம்மா, நான்தான் தப்பா எழுதிட்டேன், அப்பாவ ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொன்னதாக அம்மா என்னிடம் சொன்னாள். இனிமேல் ஊருக்கு ஒன்றும் எழுதப்போவதில்லை, இந்த வேலையே வேண்டாம் போலிருக்கிறது என்று நீ சொன்னதையும் சொன்னாள். சொல்லி அழுதாள். அதே சாயந்திரம் என் போனுக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது, "அப்பா, போன வார மெசேஜை அழிச்சிருங்க." நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ ஏன் என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. நடந்ததை முழுசாகத் தெரிந்துகொண்டு, செத்தவர் பழியை உன் தலையில் வாங்கி வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு ஒளிவிடம் கொடுத்தாய். சின்ன வயதில் ஒரு மிட்டாய்க்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத பிள்ளையை நான் பொய் சொல்ல வைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது மோனிஷா. அப்பன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அழிக்கத்தான் உட்கார்ந்தேன், அதையும் மறைக்கவில்லை. நேற்றுக்கு முந்தின நாள் ஸ்டோருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து அந்த மெசேஜை அழுத்திப் பிடித்தேன், அழிக்கவா என்று போன் கேட்டது. அந்த நேரம் கிழக்கே மேகம் கூடிக்கொண்டு வந்தது. காற்றில் இலை சரசரத்ததுக்கே பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள், ரெண்டு பேர் வழுக்கி விழுந்து எழுந்தார்கள், இன்னும் நாலு பேர் இதெல்லாம் சும்மா மூட்டம் என்று மரத்தடியிலேயே நின்றார்கள். எந்த மேகத்துக்கு ஓட வேண்டும், எதற்கு நிற்கலாம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பத்து நாளைக்கு முன்னால் வரை அவர்களுக்கு அதைச் சொல்ல ஆள் இருந்தது. இந்தக் காட்டில் அடுத்தது யார் என்று நினைத்தேன், அழிக்க வேண்டாம் என்று தொட்டேன். போனை மடியில் கட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று மே தினம், வேலை இல்லை. காலையில் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பெத்த பிள்ள மேல போட்டுட்டு ஒம்பது நாளா சோறு தின்னுருக்கீங்க" என்றாள், அதோடு சரி, அதற்குப் பிறகு இன்று வரை என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள். ஆனாலும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் அவளும் கூட வந்தாள். மாரீஸ்வரன் வீட்டில் அவர் மனைவி, உன் ஆனந்தி அத்தையும் பிள்ளைகள் ரெண்டும் மட்டும் இருந்தார்கள். பெரியவள் பத்தாம் வகுப்பு ரிசல்டுக்குக் காத்திருக்கிறாள், அவளைத் தங்கச்சியோடு வெளியே அனுப்பச் சொன்னேன். பிறகு போனை ஆனந்தி கையில் கொடுத்து, "இதுதான் மோனிஷா எழுதினது, நான் வாசிக்காம விட்டது நடுவுல இருக்கு" என்று சொன்னேன்.

அவள் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் மேலேயிருந்து படித்தாள். "எறங்கட்டுமான்னு அவரு கேட்டாரா?" என்றாள். கேட்டார் என்றேன். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள். ரெண்டு கொப்பு முடித்துவிட்டு இறங்கச் சொன்னேன், பிள்ளை பேரைச் சொல்லிச் சொன்னேன் என்றேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. ஆனைக்கரை எஸ்டேட், கம்பத்துக்காரர்கள், பாசி, வழுக்கல் என்று பத்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் ஒன்றும் அவள் முகத்தைப் பார்த்து வாயில் வரவில்லை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. அம்மா உள்ளே போகப் பார்த்தாள், "வேணாம் மதினி" என்று குரல் மட்டும் வந்தது. நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். போகச் சொல்லட்டும் என்று இருந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்து வந்தவன்தான், அந்த வார்த்தையைச் சொல்வதே அவளிடம் இன்னொன்றைப் பிடுங்குவது மாதிரி இருந்தது, அதனால் கேட்கவில்லை. அவளும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. அது உனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதவில்லை.

இன்று காலை ஜோபி சாரிடம் போய்ச் சொன்னேன். புதன்கிழமைக்குள் முடிக்கச் சொன்னது நானும்தானே என்று அவர் முகம் வெளுத்துப் போனது. மொழியைத் திருத்தினால் கேஸ் வரலாம், திங்கள் வரை யோசிங்க பெரியமுத்து என்றார். யோசித்தாகிவிட்டது என்றேன். திங்கள்கிழமை பத்து மணிக்கு வில்லேஜ் ஆபீசுக்குப் போய் உன் குறிப்பை முழுசாகக் காட்டி, நான் சொன்னதை மாற்றி எழுதிக் கொடுக்கப்போகிறேன். வேலை போனாலும் போகட்டும், சதீஷிடமும் சொல்லிவிட்டேன். அவன் ஜீப்பைத் துடைத்து முடித்துவிட்டு, திங்கள்கிழமை நான் கூட்டிப் போகிறேன் என்றான். இதற்கெல்லாம் நீ பதறாதே. நீ உன் அம்மாவிடம் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் திரும்ப வாங்கிக்கொள். இந்த வேலை வேண்டாம் என்று சொன்னதையும் திரும்ப வாங்கிக்கொள். நீ சரியாகத்தான் எழுதினாய், மணி முதற்கொண்டு சரியாக எழுதினாய், கேட்டவன்தான் சரியில்லை. இனி மேலிடத்தில் யாராவது உன்னைக் கேட்டாலும், உன் மனசே உன்னைக் கேட்டாலும், இந்தத் தாளை எடுத்துக் காட்டு.

இப்போது நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லி முடிக்கிறேன். வரும் வாரம் முழுக்க மதியத்துக்கு மேல் இடி இருக்கும் என்று டிவியில் சொல்கிறார்கள், ஜில்லா பூராவும் மஞ்சள், வழக்கம்போல எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்று இல்லை. காட்டில் அறுபது பேர் இறங்குவார்கள், பாக்கி ரெண்டு மரமும் நிற்கிறது. நேற்று அந்த அரை மணி நேரம் கழித்து ஆனந்தி முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, உன் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள். "மோனிஷா சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு, அதுகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிருங்க மதினி. இந்த வாரத்துக்கு உள்ளத எழுதி அனுப்பச் சொல்லுங்க. அண்ணனுக்கு வேணாம், என் போனுக்கு அனுப்பச் சொல்லுங்க. திங்கக்கெழம பெரட்டுல நான் வாசிக்கிறேன்" என்றாள். பதினாறாம் நாள் காரியம் வருகிற வியாழக்கிழமைதான், அதற்கு முன்னால் படி தாண்டி எப்படி வருவாய் என்று அம்மா கேட்டாள். "மின்னலு அதெல்லாம் பாத்தா வருது மதினி" என்று சொல்லிவிட்டாள். அவள் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

காளியம்மன் உன்னைக் காப்பாற்றுவாள், நீ நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும். அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், இன்று நீ கூப்பிட்டால் அவள் போனுக்குக் கூப்பிடு, அவளுக்கு உன்னிடம் பேச நிறைய இருக்கிறது. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, இந்தத் தாளைப் படித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்காதே. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்குள் குறிப்பு ஆனந்திக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், மறந்துவிடாதே, அவளுக்குக் கண்ணாடி கிடையாது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அனுப்பு. திங்கள்கிழமை நானும் ஆட்களோடு வரிசையில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பெரியமுத்து.